பங்கசும் காலநிலையும் பெருந்தோட்டமும்: கண்டிப் பிரதேசம் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய ஆய்வாளர் பயிர்நோய் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் மலையகத் தமிழரின் தோற்றத்தையும் அவர்தம் இலக்கியத்தின் சமூகப் பின்னணியையும் ஆராய்பவர் எவரும் ஒரு பங்கசைச் சந்திக்காது அப்பாற் செல்லவியலாது. 1869இல் இலங்கை மலைகளின் கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, இங்கிலாந்திற் பேர்க்லி அப்பங்கசை விவரித்து ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். இருபதாண்டுகளுள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் வீழ்ந்தது.

காலநிலை மாற்றம் மரப்பயிர்களின் பங்கசு நோய்களை எவ்வாறு பாதிக்கின்றது என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுப்பப்படுகின்றது. மத்தியதரைக் கடற் பிரதேசத்தின் ஒலிவ மரங்கள் பற்றியும் இலத்தீன் அமெரிக்கக் கோப்பி பற்றியும் ஆய்வுகள் நிகழ்கின்றன. வெப்பம் கூடியது, மழை பிறழ்ந்தது, நோய் பரவியது என்பதோடு இவ்விடயம் பொதுவாகப் பேசி முடிக்கப்படுகின்றது. இவ்விளக்கம் பிழையன்று, குறையுடையது. அக்குறை எதுவென்பதை அறியக் கண்டியைக் காட்டிலும் ஏற்ற களம் அரிது.

1880 முதல் 1882 வரை இலங்கையிற் பணியாற்றிய மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் கோப்பித் துருநோயின் வாழ்க்கை வட்டத்தைத் துலக்கினார். காற்றிற் பரவும் வித்தி இலையின் அடிப்புறத்தில் விழுகின்றது. அங்கு நீர்த்துளி தங்கினால் முளைவிட்டு இலைவாயினூடாக உட்புகுகின்றது. வார்ட் இத்துடன் நிற்கவில்லை. இடைவெளியின்றி ஒரே பயிர் பரந்து கிடந்தமையே நோய்க்கு வழிவகுத்தது என்பதையும் அவர் சுட்டினார். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததன் பின்னர், விசேடமாக 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தைத் தொடர்ந்து, காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. காற்றைத் தடுத்து நின்ற மரங்கள் மறைந்தன. மழையும் காற்றும் முன்னரும் இருந்தவையே. அவற்றைக் கொள்ளை நோயாக்கிய நில அமைப்பு புதியது.

இதன் சமூக விளைவு பெரிது. கோப்பி பருவகால உழைப்பை வேண்டியது. தமிழகத்திலிருந்து மன்னார் வழியே நடந்து வந்தவர்களுட் பலர் அறுவடை முடிய ஊர் திரும்பினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. கோப்பி அழிந்த நிலங்களைத் தேயிலை நிரப்பியபோது உழைப்பாளர் லயன்களில் நிரந்தரமாகக் குடியிருத்தப்பட்டனர். கோப்பி மலைகள் மறைந்த பின்னரும், அங்கு மாண்டோரின் நினைவோடு அவை நாட்டார் பாடல்களில் நிலைத்துவிட்டன.

தேயிலையும் தப்பவில்லை. 1946இற் கொப்புள நோய் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்னும் இப்பங்கசு முதிர்ந்த இலையைத் தீண்டுவதில்லை. பறித்தற்குரிய இளங்கொழுந்தையே தாக்குகின்றது. இலையின் மேற்புறம் குழிந்து அடிப்புறம் வெண்கொப்புளமாகப் புடைக்கும். குளிரும் இலையீரமும் அதற்கு உகந்தவை. வெயில் அதன் வித்திகளைக் கொல்லும். இதனாலேயே செப்பு மருந்து அடிக்கவேண்டிய நாளைச் சூரிய ஒளி மணித்தியாலங்களைக் கொண்டு நிர்ணயிக்கும் முறை இலங்கையில் வகுக்கப்பட்டது. பருவமழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகள் வெட்டப்பட்டமைக்கும் இதுவே காரணம்.

இங்கேதான் காலநிலை மாற்றம் ஒரு மெய்யான முரண்பாட்டைக் கூர்மையாக்குகின்றது. 1961 முதல் 1990 வரை இலங்கையின் சராசரி வெப்பநிலை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 0.016 பாகை செல்சியசு வீதம் உயர்ந்தது. வெப்பமும் வரட்சியும் நீடிக்கும்போது பங்கசு தளரக்கூடும். ஆனால் தேயிலையும் வாடுகின்றது, அதனைக் காக்க நிழல் தேவைப்படுகின்றது. மழை நாட்கள் தொடர்ந்து முகில் மூடிக்கிடக்கும்போதோ அதே நிழல் ஈரத்தைப் பேணிப் பங்கசுக்குத் துணைபோகின்றது. பருவக்காற்று குறித்த காலத்தில் வந்தவரை கிளைவெட்டுக்கு ஒரு நாட்காட்டி இருந்தது. மழை பிறழ்ந்தால் அந்நாட்காட்டி பயனற்றது. நிழலை வைப்பதா நீக்குவதா என்பதற்குப் பழைய அனுபவம் விடை தராது.

2008க்கும் 2013க்கும் இடையிற் கொலம்பியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் கோப்பித் துருநோய் மீண்டும் சீறியெழுந்தது. பகலிரவு வெப்பநிலைகளுக்கிடையிலான வேறுபாடு சுருங்கியமை நோயின் வளர்ச்சியை விரைவுபடுத்தியிருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். கோப்பி இலாபம் தராதபோது விவசாயிகள் உரத்தையும் மருந்தையும் பராமரிப்பையும் குறைத்தமையை அவர்களே உடன் காரணமாகக் காட்டினர். வானிலையையும் சந்தையையும் இவ்வாறு ஒருசேர நோக்குவதே நமக்கு உவப்பானது.

இலங்கையிலும் அவ்வாறே. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உரங்களினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி ஒரே ஆணையாற் தடுக்கப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட மாதங்களிலும் மழை தன் போக்கிற் பெய்துகொண்டுதான் இருந்தது. இன்று இலங்கைத் தேயிலையிற் பெரும்பங்கைத் தருவோர் சிறுதோட்ட உடைமையாளர். அவர்களிடம் மருந்துக்கான கையிருப்பு இல்லை. பெருந்தோட்டத்திலோ நட்டத்தைக் கீழே தள்ளிவிட ஏலவே ஒரு பொறிமுறை உண்டு. கொழுந்தின் நிறையே அங்கு நாட்கூலியை நிர்ணயிக்கின்றது. கொப்புளம் கண்ட மலையிற் காலை முதல் நின்று பறித்தாலும் கூடை நிறையாது. தராசில் நிறை குறைந்தால் அப்பெண்ணுக்கு 'அரைப்பேர்' விழும். நோயை முதலிற் காண்பவளும் அவளே: கொழுந்தைக் கிள்ளும் விரல்களுக்கு இலையின் அடிப்புறக் கொப்புளம் கண்ணுக்கு முன்னரே தட்டுப்படும். மருந்தடிக்கும் நாளையோ கிளைவெட்டும் நாளையோ முடிவுசெய்யும் இடத்தில் அவளுக்கு இருக்கை இல்லை.