டியூப் இல்லாத டயர்: ஆணி குத்தினாலும் ஓடும், அதனால்தான் கூடுதல் கவனம் தேவை

சுபாங் ஜெயா – காலையில் எஸ்எஸ்15இலிருந்து வேலைக்குப் புறப்படும் காரின் டயரில் ஒரு திருகு ஏறியிருக்கலாம். ஓட்டுநருக்கு அது தெரியாமலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் வரை போய் மாலையில் வீடு திரும்பிவிடுவார். ஓரிரு நாள் கழித்து டயர் தாழ்ந்து தெரியும்போதுதான் விஷயம் புரியும்.

இன்றைய கார்கள் அனைத்திலும் உள்ள டியூப் இல்லாத டயர்களின் பெரிய நன்மை இதுதான். ஆனால், கவனிக்காமல் விடுபவருக்கு இதே நன்மை நெடுஞ்சாலையில் ஆபத்தாக மாறக்கூடும்.

காற்றை எது தாங்குகிறது?

பழைய டயருக்குள் தனியாக ஒரு ரப்பர் டியூப் இருக்கும். காற்று அதற்குள்தான் இருக்கும். ஆணி குத்தினால் டியூப் கிழிந்து, காற்று வால்வைச் சுற்றியுள்ள துளை வழியாக நொடிகளில் வெளியேறிவிடும். வேகமாகப் போகும் கார் திடீரென ஒரு பக்கம் இழுப்பது இதனால்தான்.

டியூப் இல்லாத டயரில் டயரும் இரும்பு அல்லது அலுமினிய ரிம்மும் சேர்ந்துதான் காற்றுப் பெட்டி. டயரின் விளிம்பில் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று அந்த விளிம்பை ரிம்மோடு இறுக அழுத்தி, கசிவில்லாமல் அடைத்துவிடுகிறது. வால்வு நேரடியாக ரிம்மில் பொருத்தப்பட்டிருக்கும்.

இதில் ஆணி ஏறினால், டயரின் ரப்பர் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆணியைச் சுற்றி இருக்கும் சிறு இடைவெளியில் மட்டுமே காற்று மெல்லக் கசியும்.

அமெரிக்காவின் குட்ரிச் டயர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிராங்க் ஹெர்செக் இதற்கான காப்புரிமைக்கு 1946இல் விண்ணப்பித்தார். 1952இல் அது கிடைத்தது. 1955 வாக்கில் அந்நாட்டின் பெரும்பாலான புதிய கார்கள் டியூப் இல்லாமல் வரத் தொடங்கின.

பால் மரத்தின் பங்கு

சுபாங் ஜெயா 1976இல் நகரமாக உருவெடுக்கத் தொடங்கும் முன் இந்த நிலம் சீஃபீல்டு தோட்டமாக இருந்தது. பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணம் நன்றாகத் தெரியும். நன்கு இழுபடும், எளிதில் கிழியாது, உழைப்பில் அதிகம் சூடேறாது. அதனால்தான் லோரி, விமான டயர்களில் இன்றும் இயற்கை ரப்பர் அதிகமாகச் சேர்க்கப்படுகிறது.

ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு குறை உண்டு. அதன் ஊடாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் பல மடங்கு சிறப்பாகக் காற்றைத் தடுத்து நிறுத்தும். டியூப் இல்லாத டயரின் உட்புறத்தில் பூசப்பட்டிருக்கும் மெல்லிய அடுக்கு இந்த வகை ரப்பர்தான். முன்பு டியூப் செய்த வேலையை இப்போது இந்த அடுக்கு செய்கிறது.

ஓட்டுநருக்கு என்ன லாபம்?

காற்று மெதுவாக இறங்குவதால், கெசாஸ் நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் நின்று, லோரிகள் உரசிப் போகும் இடத்தில் டயர் மாற்ற வேண்டிய நிலை குறைகிறது. அருகிலுள்ள எண்ணெய் நிலையம் வரை போக அவகாசம் கிடைக்கிறது. டியூபும் டயரும் உரசுவதால் உண்டாகும் சூடும் இல்லை. சாதாரண பஞ்சரை ஒட்டுவதும் எளிது.

மெதுவாக இறங்கும் காற்றே ஆபத்து

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். அதில் சூடு ஏறும். பண்டிகைக் காலத்தில் நான்கைந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறி, ஈப்போவுக்கோ பினாங்குக்கோ மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தச் சூடு டயரின் அடுக்குகளைப் பிரித்து வெடிக்கச் செய்யலாம்.

பழுதே இல்லாத டயரிலும் மாதத்திற்கு ஏறக்குறைய 1 முதல் 2 பிஎஸ்ஐ வரை காற்று குறையும். ஆகவே மாதம் ஒரு முறையும், நீண்ட பயணத்திற்கு முன்பும் காற்றைச் சோதிக்க வேண்டும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் இருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று நிரப்பக் கூடாது. எண்ணெய் நிலையக் கருவி கிலோ பாஸ்கலில் காட்டினால் குழம்ப வேண்டாம்: 220 கிலோ பாஸ்கல் என்பது சுமார் 32 பிஎஸ்ஐ. நெடுந்தூரம் ஓடுவதற்கு முன், டயர் சூடேறாதபோது அளப்பதே சரி.

ஒரே டயரில் மட்டும் அடிக்கடி காற்று குறைந்தால் ஆணி ஏறியிருக்கலாம். குழியில் மோதி ரிம் வளைந்திருந்தாலும், வால்வு பழையதானாலும் இதே நிலைதான்.

பஞ்சர் ஒட்டும்போது

ஆணி தெரிந்தால் உடனே பிடுங்கக் கூடாது. துளையை அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஆணிதான். காற்றை நிரப்பிக்கொண்டு, மெதுவாகப் பட்டறைக்குச் செல்லலாம். முழுவதும் தட்டையாகிவிட்ட டயரில் சிறிது தூரம் ஓட்டினாலும் அதன் பக்கச் சுவர் நசுங்கிப் பாழாகிவிடும். அப்போது மாற்று டயரைப் போடுவதே நல்லது.

தரையைத் தொடும் பகுதியில் 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளையை மட்டுமே ஒட்ட வேண்டும். டயரைக் கழற்றி உட்புறம் பார்த்து, துளையை அடைத்து, உள்ளிருந்து ஒட்டுப் போடுவது நிரந்தரமான முறை. வெளியிலிருந்து கயிறு போன்ற அடைப்பைச் செருகுவது அவசரத்துக்கு உதவும். பக்கச் சுவரில் துளை விழுந்தால் புதிய டயர்தான் வழி. செலவை மிச்சப்படுத்த உள்ளே டியூப் போட்டுத் தருவதாகக் கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உரசலும் சூடும் திரும்ப வரும்; ஆணி குத்தினால் காற்று மறுபடியும் சட்டென இறங்கும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும் இதைக் கவனிக்க வேண்டும். கம்பி ரிம் கொண்ட சாதாரண கப்சாய்களில் கம்பித் துளை வழியே காற்று கசியும் என்பதால் அவற்றுக்கு டியூப் அவசியம். வார்ப்பு ரிம் உள்ளவற்றில் அதற்குரிய டியூப் இல்லாத டயரைப் பயன்படுத்தலாம்.

பயன்படுத்திய டயர் வாங்குவோர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் முதுமை அடைந்திருக்கும். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் மழையில் பிடிமானம் இருக்காது; அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

காற்று சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலான எண்ணெய் நிலையங்களில் அதற்குக் கட்டணமும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.