கணக்குச் சரி; முதல் வரி சரியா?

கமக்காரருக்குக் கணக்குப் புதிதல்ல. எத்தனை புசல் விதைத்தால் எத்தனை மூடை வரும், உழவுக்கும் வெட்டுக்கும் கூலி எவ்வளவு, கடன் போக மிச்சம் என்ன என்பதையெல்லாம் எமது பெற்றோர் திண்ணையில் இருந்தபடியே மனக்கணக்காகச் சொன்னார்கள். ஆயினும் சமன்பாடுகளும் வரைபடங்களும் நிறைந்த அறிக்கையொன்றைப் பொருளியல் தெரிந்த ஒருவர் எம்முன் விரித்துவிட்டால் நாம் வாயடைத்துப் போகிறோம். "படித்தவர்கள் போட்ட கணக்கு, பிழைக்காது" என்று எண்ணிவிடுகிறோம். பொருளியலில் கணிதம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எடுகோள் என்பது யாது?

ஓர் உதாரணத்தை எடுப்போம். ஒரு குடும்பத்துக்கு 2 ஏக்கர் வயல். ஏக்கருக்கு 60 புசல் விளைந்தால் மொத்தம் 120 புசல். சாப்பாட்டுக்கும் விதைநெல்லுக்கும் 50 புசலை ஒதுக்கினால் விற்பதற்கு 70 புசல் மிஞ்சும். இந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அக்குடும்பம் இடம்பெயர்ந்து இருக்கிறது, வயலுக்குப் போக வழியில்லை, குளக்கட்டு உடைந்து கிடக்கிறது, எருதுகளும் இல்லை. அப்போது அந்த 70 புசல் கடதாசியில் மட்டுமே விளையும்.

இங்கே பிழைத்தது பெருக்கல் அல்ல. "குடும்பத்திடம் பயிரிடக்கூடிய 2 ஏக்கர் உண்டு" என்று முதல் வரியில் எடுத்துக்கொண்டதே பிழைத்தது. இப்படி நிரூபிக்காமலே எடுத்துக்கொள்வதை எடுகோள் என்பார்கள். எடுகோள் சரியாக இருந்தால் விடையும் சரியாக வரும் என்பதற்குத்தான் கணிதம் உத்தரவாதம் தருகிறது. எடுகோள் எமது வாழ்வுக்குப் பொருந்துகிறதா என்பதைக் கணிதம் சொல்லாது. அதை வாழ்கின்றவர்களைக் கேட்டே அறிய வேண்டும்.

ஒரு பெரிய நிரூபணம்

இது சிறிய கணக்குகளுக்கு மட்டும் உரிய குறை அல்ல. அவரவர் தத்தம் நன்மையை நாடினாலும் சந்தை பொதுவானதோர் ஒழுங்கை உண்டாக்கும் என்ற கருத்தை 1776ஆம் ஆண்டில் அடம் சிமித் எழுதினார். 1874இல் லியோன் வால்ராஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதைச் சமன்பாடுகளாக அமைத்தார். எல்லாச் சந்தைகளிலும் கேள்வியும் நிரம்பலும் ஒரே வேளையில் பொருந்தும்படியான விலைகள் இருக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்பதற்கான புகழ்பெற்ற நிரூபணத்தைக் கென்னத் அரோ, ஜெரார்ட் டெப்ரூ என்னும் இருவர் 1954இல் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நிரூபணம் சில நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. அவற்றில் ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம்மிடம் ஏற்கெனவே உள்ளதைக் கொண்டே உயிர்வாழக்கூடியவராகவும், அதன் பின்னும் ஒவ்வொரு பொருளிலும் விற்பதற்குச் சிறிது மிச்சம் உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்பதே அது. இது நடைமுறைக்குப் பொருந்தாதது என அவர்களே அக்கட்டுரையில் ஒப்புக்கொண்டார்கள். பின்னர் அதைத் தளர்த்தி, எல்லாப் பொருளிலும் மிச்சம் வேண்டாம், பிறருக்குத் தேவைப்படும் ஓர் உழைப்பையாவது கொடுக்க முடிந்தால் போதும் என்றார்கள். ஆனால் கையில் உள்ளதைக் கொண்டு உயிர்வாழ முடியும் என்ற பகுதி அப்படியே நின்றது.

1957இல் கூப்மன்ஸ் என்ற பொருளியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார். தமக்குத் தேவையானதைத் தாமே விளைவித்து, இடையிடையே சிறிது வியாபாரமும் செய்யும் கமக்காரர் சமூகத்துக்கே இந்த எடுகோள் நன்கு பொருந்தும் என்பது அவர் கருத்து. அதாவது, காணியும் மாடும் விதையும் கையிலிருந்த நாளில் நாம் அந்தக் கணக்குக்குள் இருந்தோம். அவற்றை விட்டு வந்த நாளில், யாரும் அறிவிக்காமலே, அதன் முதல் வரிக்கு வெளியே போய்விட்டோம்.

ஆகவே கணிதமே வேண்டாம் என்று சொல்வதா? இல்லை. சொற்களால் மட்டும் பேசிய நீண்ட காலமும் இந்த நிபந்தனை கண்ணில் படாமலே கிடந்தது. ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டு என்று கணிதம் கட்டாயப்படுத்தியபோதுதான், குளம் வற்றும்போது அடியில் கிடக்கும் மரக்கட்டை தெரிவது போல, அது வெளிப்பட்டது. கணிதத்தின் பெரிய உதவி இதுவே.

வங்காளத்தில் நடந்தது

எடுகோள் பிழைத்தால் உயிரே போகலாம் என்பதற்கு 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் சாட்சி. அரசு நியமித்த விசாரணைக் குழு 15 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. பிந்திய மதிப்பீடுகள் 30 இலட்சம் வரை செல்கின்றன. நாட்டிலுள்ள அரிசியை மக்கள் தொகையால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு உண்டு என்று பார்ப்பதே அக்காலத்தில் பஞ்சத்தை அளக்கும் வழக்கமான கணக்கு.

அப்பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் கண்ட அமர்த்யா சென், 1981இல் வெளியான தமது நூலில் அந்தக் கணக்கைத் திரும்ப ஆராய்ந்தார். 1943இன் அரிசி வழங்கல் அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் சராசரியை விட ஏறக்குறைய 5 சதவீதமே குறைவு. பஞ்சம் இல்லாத 1941ஐ விட 13 சதவீதம் அதிகம் என்று அவர் காட்டினார். இந்த விளைச்சற் புள்ளிவிபரங்களைப் பின்வந்த சிலர் மறுத்துள்ளனர். எனினும் யார் இறந்தார்கள் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை முக்கியமானது. விவசாயக் கூலிகளும் மீனவரும் கிராமத்துக் கைவினைஞரும் அதிகமாக மாண்டார்கள். சொந்த நெல்லை உண்டவர்கள் அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. போர்க்காலச் செலவுகளால் அரிசி விலை ஏறியது. கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. 1942இல் அரசு படகுகளைப் பறித்ததால் மீனவர் தொழிலையும் இழந்திருந்தனர்.

வகுத்தற் கணக்கில் எல்லோருக்கும் பங்கு இருந்தது. வாங்க வழியற்றவருடைய பானையில் அது இல்லை. சென் கணிதத்தைக் கைவிடவில்லை; தமது நூலின் பின்னிணைப்பில் அவரும் கணிதக் குறியீடுகளால் எழுதினார். "ஆளுக்கு எவ்வளவு உண்டு?" என்ற முதல் வரியை மாற்றி, "தன்னிடம் உள்ளதைக் கொடுத்து ஒவ்வொருவரும் எவ்வளவு பெற முடியும்?" என்று தொடங்கினார்.

நாம் கேட்க வேண்டியவை

இங்கிலாந்தின் அல்பிரட் மார்ஷல் கணிதத்தில் சிறந்த தேர்ச்சி பெற்ற பொருளியலாளர். 1906இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் தமது விதிகளைச் சொன்னார். கணிதத்தைச் சுருக்கெழுத்துப் போலப் பயன்படுத்த வேண்டும். கண்ட முடிவைச் சாதாரண மொழியில் எழுத வேண்டும். உண்மை வாழ்விலிருந்து உதாரணம் காட்ட வேண்டும். பின் கணிதத்தை எரித்துவிடலாம். உதாரணம் காட்ட முடியாவிட்டால் எழுதியதையே எரிக்க வேண்டும்.

எரிப்பது படித்தவர்களின் பாடு. விளங்கும்படி சொல்லக் கேட்பது எமது உரிமை. எமது காணி, கடன், நிவாரணம், மீள்குடியேற்றம் பற்றிய கணக்கு எதுவும் எம்முன் வைக்கப்படும்போது நான்கு கேள்விகளைக் கேட்போம். இதன் முதல் வரியில் எதை எடுத்துக்கொண்டீர்கள்? காணியற்றவர், விதவைகள், கூலிக்குப் போவோர் இதில் எங்கே இருக்கிறார்கள்? சராசரி என்றால், அதற்குக் கீழே இருப்பவர் யார்? எமது ஊர்க் குடும்பம் ஒன்றை வைத்து இதைச் செய்து காட்ட முடியுமா?

இப்படிக் கேட்பது நிபுணரை அவமதிப்பது அல்ல. நல்ல நிபுணர் இதை வரவேற்பார். கூட்டல் கழித்தலை அவர் பார்த்துக்கொள்ளட்டும். குளம் உடைந்திருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்; அவர் பேனாவை எடுக்கும் முன்னரே சொல்ல வேண்டும்.