அமெரிக்க உதைபந்தாட்டம்: தலையைக் குனிந்து மோதலாமா?

ஓகஸ்ட் பிறந்ததும் மகன் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டுவான். பாடசாலையின் அமெரிக்க உதைபந்தாட்ட அணியில் சேர வேண்டுமாம். எமக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் காலால் ஆடுவது. இங்கோ பந்தை அணைத்துக்கொண்டு ஓடுபவனை எதிரணியினர் பாய்ந்து விழுத்துகிறார்கள். தலையில் கவசம் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஒப்பமிட்டு விடுகிறோம். அந்தக் கவசமே ஒரு ஆபத்து என்பதை நாமும் பிந்தித்தான் அறிந்தோம்.

கவசம் மண்டையோட்டைக் காக்கும், கழுத்தைக் காக்காது. நிமிர்ந்து நிற்கையில் கழுத்தெலும்பு சற்று வளைந்திருக்கும். தலையைக் குனிந்தால் அது நேராகித் தடி போலாகிவிடும். அந்த நிலையில் உச்சந்தலையால் மோதினால் அடி முழுவதும் கழுத்தில் இறங்கும். முள்ளந்தண்டு நரம்பு சிதைந்தால் கைகால் வழங்காது. ஆனால் கவசம் தந்த துணிவில் பலர் தலையையே முன்நீட்டி மோதப் பழகினார்கள். 1976இல் பாடசாலை, கல்லூரி ஆட்டங்களில் இதைத் தடைசெய்தனர். அந்த ஆண்டு 34 பேர் கழுத்து முறிந்து செயலிழந்தனர். 1984இல் 5 பேர்.

தொழில்முறை ஆட்டத்தில் 1978 ஓகஸ்ட் 12இல், ஓக்லண்டில் டரில் ஸ்ரிங்லி பந்தைப் பிடிக்கத் தாவியபோது ஜாக் ரேற்றம் மோதினார். ஸ்ரிங்லி 2007இல் இறக்கும்வரை நடக்கவில்லை. அன்றைய விதிப்படி அது குற்றமல்ல. நடுவர் துணி எறியவுமில்லை.

இன்று நடுவர் மஞ்சள் துணி எறிந்தால், கவசத்தில் கவசம் பட்டதற்காக என்று பலர் எண்ணுகிறார்கள். தற்செயலாகப் படுவது குற்றமல்ல. என்.எஃப்.எல். 2018இல் கொண்டுவந்த விதிப்படி, தலையைத் தாழ்த்திக் கவசத்தால் பலமாக மோதுவதே குற்றம். அடி எதிராளியின் நெஞ்சில் பட்டாலும் குற்றந்தான். பந்தோடு ஓடுபவனுக்கும் இது பொருந்தும். வேண்டுமென்று செய்தானா என்ற கேள்விக்கே இடமில்லை. தண்டனை 15 யார்.

கல்லூரி ஆட்டத்தில் இன்னும் கடுமை. பந்துக்காக அண்ணாந்து நிற்பவன் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவன். அவனுடைய தலையிலோ கழுத்திலோ குறிவைத்து, தோளால் பலமாக மோதினாலும் 'ராகெற்றிங்' குற்றமாகும். 2013 முதல், மோதியவனை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுகிறார்கள்.

ஒப்பமிடுமுன் ஒரு மாலை பயிற்சித் திடலுக்குப் போய் நில்லுங்கள். பிள்ளைகள் எதிராளியைக் கண்ணால் பார்த்தபடி, தலையை ஒருபுறம் விலக்கித் தோளால் மோதுகிறார்களா? தலை குனிந்தவனைப் பயிற்றுநர் நிறுத்தித் திருத்துகிறாரா? இதை அறிய ஆங்கிலம் வேண்டியதில்லை. பார்த்தாலே விளங்கும்.