படகு மோட்டார் ஏன் தண்ணீர் பீய்ச்சுகிறது?

தஞ்சாவூர் மாவட்டம் என்றதும் நெல்வயல்தான் ஞாபகத்துக்கு வருகிறது, இல்லையா கண்ணு? நம் மாவட்டத்துக்குக் கடலும் உண்டு. மல்லிப்பட்டினம் போனால் பாக் விரிகுடா கண்முன்னே விரியும். அங்கே ஃபைபர் படகுகளைப் பார்க்கலாம். பல படகுகளின் பின்பக்கம் ஒரு மோட்டார் தொங்கும்.

படகு ஓடும்போது அந்த மோட்டாரைக் கவனி. பக்கத்திலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். "ஓட்டையாகிவிட்டதோ?" என்று கேட்கிறாயா? சபாஷ்! கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது ஓட்டை இல்லை. மோட்டார் நலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

மோட்டாருக்குள் எண்ணெய் எரிகிறது. எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மோட்டாரின் உடம்பான அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். பிறகு எப்படி மோட்டார் உருகாமல் இருக்கிறது? கடல்நீர் உள்ளே போய், சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம்தான் நீ பார்த்தது. வயலில் ஓடும் ஆயில் என்ஜினிலும் சின்னக் குழாய் வழியே வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொட்டுமே, அதே ஏற்பாடு!

தண்ணீரை மேலே ஏற்றுவது யார்? உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். அதற்கு வளையக்கூடிய இறக்கைகள் உண்டு. சக்கரம் தன் கூட்டின் நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதனால் அகலமான பக்கத்தில் இறக்கை விரிந்து தண்ணீரை இழுக்கும். குறுகலான பக்கத்தில் மடங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். புரிகிறதா? இல்லையென்றால் இன்னொரு தடவை மெதுவாகப் படி. நான் காத்திருக்கிறேன்.

அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் வழுக்கலும் தருகிறது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உரசி, சூடேறி, கிழிந்துபோகும். கரையில் வைத்து மோட்டாரைச் சும்மா ஓட்டக்கூடாது என்பது இதனால்தான்.

சரி, நடுக்கடலில் பீய்ச்சல் நின்றுவிட்டால்? உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். பிறகு அதைச் சாய்த்து மேலே தூக்க வேண்டும். மோட்டாரின் அடியில் சுழன்று படகைத் தள்ளும் காற்றாடிக்குச் சற்று மேலே, தண்ணீர் நுழையும் சின்னப் பிளவுகள் இருக்கும். அங்கே பெரும்பாலும் பச்சையாக ரிப்பன் போல ஏதாவது அடைத்திருக்கும். எடுத்துவிட்டால் போதும். பீய்ச்சும் துளையில் உப்போ சேறோ அடைத்திருந்தால், மெல்லிய கம்பியால் குத்திவிடலாம். அப்படியும் தண்ணீர் வரவில்லை என்றால் ரப்பர் சக்கரம் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். அப்போது மோட்டாரை ஓட்டவே கூடாது. துடுப்பைத்தான் எடுக்க வேண்டும்.

அந்தப் பச்சை ரிப்பன் என்ன தெரியுமா? கடற்புல். அதன்மேல் கோபப்படாதே! அது நம் ஆவுளியாவின் சாப்பாடு. கடல்பசு என்றும் சொல்வார்கள். அதைக் காப்பதற்காகவே 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

கடற்புல்லுக்கு வெயில் வேண்டும். ஆகவே ஆழம் குறைந்த இடத்தில்தான் நன்றாக வளரும். அங்கே மோட்டாரை ஓட்டினால் காற்றாடி புல்லை வேரோடு பிடுங்கும், பிடுங்கிய புல் மோட்டாரையும் அடைக்கும். தரை தெரியும் ஆழம் வந்ததும் மோட்டாரைத் தூக்கிவிட்டு, நீளக் கம்பை ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தால் புல்லும் பிழைக்கும், மோட்டாரும் பிழைக்கும்.