மின்சார விதியும் நகர சுயாட்சியும்

சுவருக்குள் மறைந்தோடும் மின்கம்பி பழுதுபட்டால் வீடே சாம்பலாகும். ஆதலின் அதற்கு விதி வேண்டும் என்பதில் விவாதமில்லை. அவ்விதியை வகுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே கேள்வி.

அமெரிக்காவில் 1897-ஆம் வருஷத்தில் பிறந்த தேசிய மின்சார விதிநூலை மூன்று வருஷத்துக்கொரு முறை திருத்தி வெளியிடுவது சர்க்கார் அன்று. தீத் தடுப்புச் சங்கம் ஒன்றே. மாகாணமோ நகரமோ அங்கீகரிக்கும் வரையில் அது வெறும் ஆலோசனைதான்.

சிக்காகோ நகரம் அந்நூலின் 2017-ஆம் வருஷப் பதிப்பைத் தன் திருத்தங்களுடன் ஏற்று, 2018 மார்ச் 1-ந் தேதி முதல் அமுலாக்கிற்று. வீடுகளில் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியே போதுமெனத் தேசிய விதி பெரும்பாலும் இடங்கொடுக்கிறது. சிக்காகோவோ உலோகக் குழாய் வேண்டுமென்கிறது. ஆணியும் எலிப்பல்லும் குழாயை எளிதில் துளைக்கமாட்டா; சுவரை இடிக்காமலே பழைய கம்பியை உருவிப் புதியதைச் செலுத்தலாம்.

செலவு அதிகம் என்னும் ஆட்சேபம் அற்பமானதன்று. முடிவில் அதைச் சுமப்பவன் குடியிருப்பவனே. ஆயினும், உள்ளூர்த் திருத்தம் உயிரைக் காக்கவா, கட்டடக்காரரின் லாபத்தைக் காக்கவா என்பதே உரைகல். விதியை இறுக்கினும் தளர்த்தினும், காரணத்தைப் பகிரங்கமாய்ச் சொல்லி, ஜனங்களுக்கு உத்தரவாதியாய் நிற்கும் நகரசபையே அவ்வதிகாரத்துக்கு அருகதையுடையது.