பேசப் பேச இறங்கும் பயம்

பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் கோலார் தங்கவயல். அங்கே சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும். மேலே இருக்கும் வீடுகளும் அதிரும். பிழைத்தவர் சம்பளம் வாங்க வேண்டுமென்றால் மறுபடியும் அதே சுரங்கக் கூண்டில் ஏறி இறங்கத்தான் வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். ஆனால் இப்படிப்பட்ட விபத்தின் பயம் வேலையோடு ஓய்வு பெறுவதில்லை.

விபத்து, வெள்ளம், போர், பாலியல் வன்முறை என எதில் சிக்கி மீண்டவருக்கும் இந்தப் பயம் வரலாம். நடந்தது கனவில் திரும்பத் திரும்ப வரும். கதவு பலமாகச் சாத்தினாலே உடம்பு தூக்கிவாரிப் போடும். அந்த இடத்தையும் பேச்சையும் மனம் தவிர்க்கும். காரணமில்லாமல் கோபம் பொங்கும். ஒரு மாதத்துக்கு மேலும் இது நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால், அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெயர் தெரியாத வீடுகளில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்த பட்டம் 'முன்கோபி', இல்லையென்றால் 'குடிகாரர்'. இது பெரிய அநியாயம்.

இதற்குப் பேச்சு சிகிச்சை உண்டு. வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல, முறையான சிகிச்சை. ஈழத்துத் தமிழர்களிடமும் பயன்படுத்தப்பட்ட ஒரு முறையில், தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுவார்கள். அதுதான் சிகிச்சை பெறுபவருடைய வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கொடுமை நடந்த இடத்தில் கல். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, அப்போது என்ன கேட்டது, என்ன வாடை வந்தது, நெஞ்சு எப்படி அடித்தது என்று நிதானமாகச் சொல்ல வைப்பார்கள். ஆலோசகர் அதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார். சிதறிக் கிடந்த நினைவு முதலும் முடிவும் உள்ள கதையாகிறது. அது இப்போது நடக்கவில்லை, அன்று நடந்து முடிந்தது என்று மனம் ஏற்கிறது. பயம் மெல்ல இறங்குகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இந்த முறை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆளுக்கு ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதத்தினரும் இரண்டாவதில் 71 சதவீதத்தினரும் மீண்டிருந்தார்கள். ஆய்வு சிறியது, சிலர் தாமாகவே தேறியும் இருப்பார்கள். ஆனாலும் பேசினால் காயம் கிளறப்படும் என்று அஞ்சுபவர்கள் இதை அறிய வேண்டும்.

அவசரமும் ஆபத்துதான். சம்பவம் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து விவரமாகப் பேச வற்புறுத்துவதை நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை. அப்போது தேவை பாதுகாப்பு, சாப்பாடு, பக்கத்தில் சொந்தம். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் தூக்க மாத்திரையும் சாராயமும் பழக்கமாகிவிடும், நோயைத் தீர்க்காது. சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, கையில் அட்டை இல்லாவிட்டாலும், அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். உங்கள் விவரத்தை வெளியே சொல்லாமல் காப்பதும் சட்டப்படி உங்கள் உரிமை. உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும். ஆனால் பல பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும், பேச்சு சிகிச்சையோ வெளிநோயாளியாகப் போய்ப் பெறுவது. பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். முதலில் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற இந்த இலவச அரசுச் சேவையில் தமிழிலும் பேசலாம். எங்கே போக வேண்டும் என்றும் சொல்வார்கள். மனநல நிலையத்தில் சேவை குறைவாக இருந்தால் முதலில் அங்கே பொறுப்பில் உள்ள மருத்துவ அலுவலரிடம் புகார் தரலாம்; பதில் திருப்தி தராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம்.