பனித்தரையில் பின்வரிசை

எங்கள் வீட்டில் ஐஸ் என்றால் அது மீனுக்குரியது. வாவியில் பிடிபட்ட மீனையும் இறாலையும் வாப்பா றெஜிபோம் பெட்டியில் அடுக்கி, உடைத்த ஐஸைத் தூவி மூடுவார். பெட்டி கழுவுவது என் வேலை. ஐஸின் மேல் பெண்பிள்ளைகள் ஓடி விளையாடும் காணொளி ஒன்றை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அது இந்தியாவின் லடாக்கில் எடுக்கப்பட்டது. விளையாட்டின் பெயர் ஐஸ் ஹொக்கி.

அதை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எமது கல்லூரி வலைப்பந்தாட்ட அணியில் நான் கோல் காப்பாளர். ஐந்து வருடமாக விளையாடியும் ஒரு கோலும் போட்டதில்லை. சட்டப்படி போடவும் முடியாது. உயர்தர வகுப்புக்கு வந்ததும், "இதுல உனக்கு என்ன மகள் கிடைக்கப்போகுது?" என்று உம்மா கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஐஸ் ஹொக்கியில் ஓர் அணிக்கு ஆறு பேர் களத்தில் நிற்பர். மூவர் முன்வரிசை, இருவர் பின்வரிசை, ஒருவர் கோல் காப்பாளர். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும். பந்துக்குப் பதிலாக ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள தட்டையான றப்பர் வட்டு. துள்ளாமல் வழுக்கிச் செல்ல, ஆட்டத்துக்கு முன் அதையும் உறைய வைப்பார்கள்.

பின்வரிசைக்காரரின் வேலை கடினமானது. எதிரி வேகமாக வரும்போது அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். அவரை நடுவில் விடாமல் ஓரச்சுவர்ப் பக்கம் ஒதுக்க வேண்டும். அடிக்கும் வட்டைத் தன் உடம்பால் மறிக்க வேண்டும். ஆனால் தன் கோல் காப்பாளரின் பார்வையை மறைத்துவிடக் கூடாது. வட்டு கைக்கு வந்ததும் முன்வரிசைக்கு முதல் 'பாஸ்' கொடுப்பதும் பெரும்பாலும் இவரே.

கோல் போடாதவரை எப்படி மதிப்பிடுவது? அதற்கு 'பிளஸ் மைனஸ்' என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆடும் வேளையில், அவர் களத்தில் நிற்கும்போது தன் அணி கோல் போட்டால் ஒன்று கூடும். எதிரணி போட்டால் ஒன்று குறையும். யார் போட்டார் என்பது அங்கே கேள்வியில்லை.

வட அமெரிக்காவில் இது தொழில். மேல்மட்டம் நஷனல் ஹொக்கி லீக். அதில் 32 அணிகள். அதற்குக் கீழே அமெரிக்கன் ஹொக்கி லீக், அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். கீழ்மட்டப் பின்வரிசை வீரர் ஊர் ஊராக பஸ்ஸில் பயணம் செய்கிறார். மேலே ஒருவருக்குக் காயம் என்றால் அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். பலர் அந்த அழைப்பு வராமலே ஓய்வு பெறுகிறார்கள்.

லடாக்கில் அந்தச் சம்பளமும் இல்லை. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. செயற்கைத் தளம் வருவதற்கு முன், குளிர்காலத்தில் உறையும் கர்சூ குளம் போன்ற இடங்களே அவர்களின் மைதானம். ஐஸ் நிற்பது ஏறத்தாழ இரண்டு மாதம். உருகினால் பயிற்சியும் நின்றுவிடும். இந்தியப் பெண்கள் அணி 2016இல் தாய்ப்பேயில் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் ஆடித் தோற்றது. 2017இல் பாங்கொக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்றது. அதுவே முதல் வெற்றி. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்னில் ஆசியக் கிண்ண வெண்கலம் கிடைத்தது.

அந்த அணியின் கோல் காப்பாளராக ஆடியவர் லேயைச் சேர்ந்த நூர் ஜஹான் என்னும் முஸ்லிம் பெண். அவரது தொழில் பழைய ஓவியங்களைப் பாதுகாப்பது. வஜீதா தபஸ்ஸுமுடன் சேர்ந்து 'ஷெஸ்ரிக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பௌத்த மடாலயங்களின் சுவரோவியங்களையும் துணி ஓவியங்களையும் சீர்செய்கிறார். அந்த வேலையில் புதிதாக வரைந்து பெயர் வாங்க இடமில்லை. புகைக்கரியை மெல்ல அகற்றி, உரியும் வர்ணத்தை ஒட்டவைத்து, இருப்பது அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்று மதத்தவரின் வணக்கத்தலத்துப் பொருளை நம்பி அவர் கையில் கொடுக்கிறார்கள் என்பதை வாசித்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் எங்கள் வாவிக்கரை எனக்கு நினைவுக்கு வந்தது.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு சோறு போடல்லதானே?" என்று கேட்டார். உண்மைதான். அதனால்தான் அவர் கையில் ஒரு தொழிலும் இருக்கிறது என்றேன். தொழில் கிடைத்த பிறகும் அவர் விளையாட்டை விடவில்லை என்பதையும் சொன்னேன். உம்மா சற்று யோசித்தார். தவணைப் பரீட்சையில் புள்ளி குறையாவிட்டால் மாகாணப் போட்டி வரை விளையாடலாம் என்று முடிவு சொன்னார்.

தங்கைமாரே, அடுத்த வருடம் நான் கல்லூரியை விட்டுச் செல்வேன். கோல் காப்பாளர் இடம் காலியாகும். கோல் போட ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதிரணி எறியும் பந்தை எட்டித் தடுக்க ஆசைப்படும் ஒருத்தி வேண்டும். பாடசாலை விட்டதும் மைதானத்துக்கு வாருங்கள். தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.